மேப்பில் கடை முகவரி மாற்றித் தருகிறோம் என்று போன் வந்தால் வைத்துவிடுங்கள்

₹7,080 போய்விட்டது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன், ஆறிவிட்டால் எழுதமாட்டேன்.

எங்களுடையது இன்வெர்ட்டர், பேட்டரி சர்வீஸ் கடை. முன்பு திருநெல்வேலி ஜங்ஷனில் இருந்தது. ஸ்மார்ட் சிட்டி வேலைக்காக அங்கே பஸ் ஸ்டாண்டை இடித்துப் போட்டிருந்த காலத்தில் வியாபாரம் படுத்துவிட, பாளையங்கோட்டை சமாதானபுரத்துக்கு வந்துவிட்டோம். கடை மாறியதே தவிர இணையத் தேடலில் முகவரி மாறவில்லை. அம்பாசமுத்திரத்திலிருந்து பேட்டரியைத் தூக்கிக்கொண்டு வருகிறவர் ஜங்ஷனில் நின்று போன் போட்டுத் திட்டுவார். நடுவில் யாரோ 'நிரந்தரமாக மூடப்பட்டது' என்று வேறு போட்டுவிட்டார்கள். மேப்பில் யார் வேண்டுமானாலும் திருத்தம் அனுப்பலாம், தெரியும்தானே.

அப்போதுதான் அந்த போன். கடை விவரங்களைச் சரிசெய்து தரும் ஏஜென்சியாம். "அண்ணாச்சி, கடை இன்னும் ஜங்ஷன்லயே காட்டுதே, கஸ்டமர் வந்து அலையுதாவளா?" என்று நம்மூர்ப் பேச்சிலேயே ஆரம்பித்தான். பழைய கடையின் போர்டு என்ன நிறம், பக்கத்தில் என்ன கடை என்பதுவரை சொன்னான். அதெல்லாம் மேப்பில் கிடக்கும் பழைய போட்டோவைப் பார்த்தாலே தெரியும் என்று இப்போது உறைக்கிறது. அந்த நேரத்தில், தெரிந்த பையன் போல இருக்கே என்றுதான் தோன்றியது. ஆறாயிரம், அதற்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி, ஆக ₹7,080. பணம் போட்டதும் வாட்ஸ்அப்பில் பில் வந்தது. "கடை நம்பருக்கு ஒரு கோடு நம்பர் வரும், சொல்லுங்க அண்ணாச்சி, ஓனர்னு உறுதி பண்ணணும்" என்றான். சொன்னேன். மேப்பில் ஓனர் ஆனது அவன்.

அப்புறம் ஒவ்வொரு முறையும் ஒரு பதில். சிஸ்டம் அப்டேட் ஆகணும். டெக்னிக்கல் டீம் பாக்குது. மேனேஜர் லீவு. கடைசியில் ஒரு பெண் எடுத்து, "உங்க பேக்கேஜ்ல அட்ரஸ் சேஞ்ச் வராது சார், அதுக்குத் தனி சார்ஜ்" என்றார். அட்ரஸை மாற்றத்தானே ₹7,080 கொடுத்தேன்!

இதைவிடப் பெரிய கூத்து, மேலப்பாளையத்து வாடிக்கையாளர் ஒருவர் நேரில் வந்து சண்டை போட்டது. மேப்பில் எங்கள் கடை பெயரில் இருந்த நம்பருக்குப் பேசினாராம், சர்வீஸுக்கு முன்பணம் 500 அனுப்பச் சொன்னார்களாம், ஆள் வரவே இல்லையாம். பார்த்தால் எங்கள் நம்பரை எடுத்துவிட்டு வேறு நம்பரைப் போட்டிருக்கிறான். முகவரி? அதே ஜங்ஷன்.

பில்லில் இருந்த ஜிஎஸ்டி எண்ணை அரசுத் தளத்தில் போட்டுப் பார்த்தேன், அப்படி ஒரு பதிவே இல்லை. அந்த 1,080 எந்தக் கஜானாவுக்குப் போனதோ. மேப் நிறுவனத்துக்கு எழுதினால் மெஷின்தான் பதில் போடுகிறது. வங்கியில், "நீங்களே பின் போட்டு அனுப்பியதுதானே" என்றார்கள். சைபர் மோசடிப் புகாருக்கான 1930 என்ற உதவி எண்ணில் பேசிப் புகார் பதிந்திருக்கிறேன்.

என்ன செய்யவேண்டும் என்று விவரமாக எழுத நினைத்தேன், கடையில் ஆள் நிற்கிறது. மேப்பில் முகவரி மாற்ற ஒரு பைசா வேண்டாம், கடைக்காரரே செய்யலாம். கடை போனுக்கு வரும் கோடு நம்பரை யாருக்கும் சொல்லாதீர்கள். பணம் போய்விட்டால் உடனே 1930. வாடிக்கையாளர்களே, மேப் நம்பரை நம்பி எந்தக் கடைக்கும் முன்பணம் அனுப்பாதீர்கள். எங்கள் கடை பெயரில் இன்றைக்கும் அவன் நம்பர்தான் கிடக்கிறது.