மாடித்தோட்டமும் ஒரு 100 மி.மீ. மேக்ரோ லென்ஸும்

மிக நெருங்கிப் படமெடுக்க உதவும் 100 மி.மீ. மேக்ரோ லென்ஸ் வாங்கிச் சில வருடங்கள் ஆகின்றன. மாடித்தோட்டத்துப் பூக்களைத் தவிர வேறெதையும் இதில் அதிகம் எடுத்ததில்லை.

இந்த வகை லென்ஸுகளை விற்பதே 1:1 உருப்பெருக்கம் என்று சொல்லித்தான். பூவில் 1 செ.மீ. இருப்பது, கேமராவில் படம் பதியும் சென்சாரிலும் 1 செ.மீ. ஆகவே விழும். நான் அவ்வளவு நெருங்குவது அபூர்வம். அந்த நெருக்கத்தில் ஃபுல் ஃப்ரேம் (பெரிய சென்சார்) கேமராவில் லென்ஸின் திறப்பை எஃப்/11 என்று சுருக்கி வைத்தாலும் ஒரு மில்லிமீட்டர் சொச்சம்தான் ஃபோகஸில் நிற்கும். வெளிச்சமும் இரண்டு ஸ்டாப் குறையும் (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதி). மகரந்தம் கிடைக்கும், பூ தொலைந்துவிடும். பாதி அளவில் விழும் 1:2 போதும், இதழின் மடிப்பும் தெரியும், பூவும் பூவாக இருக்கும்.

இந்த லென்ஸோடு அதிகம் பழகியது செம்பருத்தியிடம்தான். சிவப்பு பொல்லாத நிறம். படத்தின் வெளிச்ச அளவை வரைந்து காட்டும் பொதுவான ஹிஸ்டோகிராம் எல்லாம் சரி என்று காட்டும். ஆர்ஜிபி (சிவப்பு, பச்சை, நீலம்) மூன்றையும் தனித்தனியே பார்த்தால் சிவப்பு மட்டும் அளவு மீறி வலது ஓரத்தில் முட்டிக்கொண்டு நிற்கும். அப்படி எடுத்தால் நரம்புகள் அழிந்து, பெயிண்ட் கொட்டியது போல ஒரே திட்டாகிவிடும். ஒரு ஸ்டாப் குறைத்து ரா ஃபைலாக (கேமரா பதப்படுத்தாத மூலப் பதிவு) எடுத்தால் இதழின் வெல்வெட் தன்மை திரும்பி வருகிறது. வெயிலுக்கு எதிரே, இதழின் பின்புறமிருந்து ஒளி ஊடுருவும்படி நின்றால் இன்னும் அழகு.

நந்தியாவட்டைக்கு நேர்மாறு. வெள்ளை இதழில் நிறமி கிடையாது. செல்களுக்கு நடுவே உள்ள காற்று ஒளியைச் சிதறடிப்பதால்தான் அது வெள்ளை. கேமராவில் ஒளியை அளக்கும் மீட்டருக்கு இதெல்லாம் தெரியாது, சாம்பலாக்கிவிடும். முக்கால், ஒரு ஸ்டாப் ஏற்ற வேண்டும். உச்சி வெயிலில் மட்டும் வேண்டாம். எடுத்தே தீரவேண்டுமென்றால் வெயிலை மென்மையாக்கப் பூவுக்கு மேலே பட்டர் பேப்பரைப் பிடியுங்கள். லென்ஸுக்குக் கொடுத்த பணத்தை விட அந்தத் தாள்தான் எனக்கு அதிகம் உழைத்திருக்கிறது!

பவளமல்லி விடியற்காலையில் உதிர்ந்துவிடும். அந்நேரத்து நிழலில் நீலச் சாயல் இருப்பதால் காம்பின் ஆரஞ்சு மங்கித் தெரியும். நிறச் சாயலைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸை ‘நிழல்’ என்று மாற்றினால் சரியாகிவிடும்.

குறைகளும் உண்டு. கிட்டத்தில் ஆட்டோ ஃபோகஸ் முன்னும் பின்னும் அலைகிறது, அதனால் மேனுவலில் வைத்து உடம்பை லேசாக முன்பின் அசைத்துத்தான் எடுக்கிறேன். ஸ்டெபிலைசர் கை நடுக்கத்துக்குத்தான் உதவும். காற்றில் ஆடும் பூவை அதனால் நிறுத்த முடியாது. காற்றடிக்கிற நாளில் ஷட்டர் வேகம் 1/500 நொடிக்குக் கீழே நான் இறங்குவதில்லை.

பூ மட்டும்தான் எடுக்கப்போகிறீர்கள், கையில் 50 மி.மீ. லென்ஸும் இருக்கிறது என்றால் உடனே இதை வாங்க ஓடாதீர்கள். கேமராவுக்கும் அந்த லென்ஸுக்கும் நடுவே 25 மி.மீ. எக்ஸ்டென்ஷன் ட்யூப் ஒன்று போட்டாலே ஏறக்குறைய 1:2 வந்துவிடும். உள்ளே கண்ணாடி இல்லாத வெறும் குழாய்தான், விலையும் குறைவு. மின் தொடர்பு முனைகள் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள், இல்லாவிட்டால் இன்றைய லென்ஸுகள் பெரும்பாலானவற்றில் அப்பர்ச்சரை (லென்ஸின் திறப்பை) மாற்ற முடியாது.