எட்டிம்ஆன்லைன்: சொற்களின் பழைய முகம் காட்டும் தளம்

ஆங்கிலம் கற்றுத்தருகிற எனக்கு அகராதியைவிட அதிகம் உதவுவது எட்டிம்ஆன்லைன். ஆங்கிலச் சொற்கள் எங்கிருந்து வந்தன, பொருள் எப்படி மாறின என்று சொல்லும் இணையதளம் இது; டக்ளஸ் ஹார்ப்பர் என்பவர் தொடங்கி வளர்த்தது. காசு கட்டாமலே சொற்களைத் தேடலாம்.

'நைஸ்' என்று தட்டிப் பாருங்கள். இன்று நல்லவர், இனிமையானது என்று சொல்ல உதவும் இந்தச் சொல், 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்துக்குள் வந்தபோது 'முட்டாள்தனமான' என்று பொருள்பட்டது. பழைய பிரெஞ்சு வழியாக வந்த லத்தீன் 'நெஸ்கியஸ்' தான் மூலம். அறியாதவன் என்று அர்த்தம். 'ஸ்கீரே' என்றால் அறிதல், முன்னால் ஒரு 'நெ' சேர்ந்து இல்லை என்றாக்குகிறது. 'சயின்ஸ்' பிறந்ததும் அதே 'ஸ்கீரே'யிலிருந்துதான்! இதை வகுப்பில் சொல்லும்போது பிள்ளைகளின் முகம் மாறுவதைப் பார்க்கவேண்டும்.

அப்புறம் பயந்த சுபாவம், எதிலும் குறை காண்பது, மென்மை, நுணுக்கம் என்று பொருள் நகர்ந்து, 1769-இல் 'இனிமையான' என்பதற்கு வந்து சேர்கிறது. நுணுக்கம் என்ற பொருள் இன்னும் சாகவில்லை. நுட்பமான வேறுபாட்டை 'நைஸ் டிஸ்டிங்ஷன்' என்பார்கள்.

ஒன்றைக் கவனியுங்கள்: அங்குள்ள ஆண்டுகள் எழுத்தில் கிடைத்த முதல் சான்றின் காலம். பேச்சில் அதற்கு முன்பே புழங்கியிருக்கலாம். ஒவ்வொரு பொருளுக்கும் மேற்கோள் வாக்கியங்கள் வரிசையாக வேண்டுமென்றால், ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதிக்குத்தான் போகவேண்டும்; அதன் முழு இணையப் பதிப்புக்குச் சந்தா உண்டு. மாணவர்களுக்கு முதலில் எட்டிம்ஆன்லைனைத்தான் சொல்வேன்.