சுங்கை சிப்புட்டில் டின் விசில்: எந்தக் கட்டைக்கு எந்தக் குழல்?

மலேசியாவின் சுங்கை சிப்புட் கடைத்தெருவில், உருமியும் ஹார்மோனியமும் விற்கும் இசைக்கருவிக் கடையின் கண்ணாடி அலமாரியில் இப்போது டின் விசில்களும் அடுக்கியிருக்கிறார்கள். நுனியில் வாய் வைத்து நேராக ஊதும், ஆறு துளை கொண்ட உலோகக் குழல் இது. ஜெனரேஷன் என்ற தயாரிப்பின் பித்தளை வகையில் ஜி, எஃப், இ ஃபிளாட், டி, சி, பி ஃபிளாட் ஆறும் உண்டு. கூம்பு வடிவத்தில் கிளார்க் என்ற தயாரிப்பு ஒன்று இருக்கிறது. மூலையில் அலுமினிய லோ டி, அதாவது டி-க்கு ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கும் பெரிய குழல், ஒன்று சாத்தியிருக்கிறது. வாய்ப்பகுதியைத் துடைத்துக் கொடுத்து எல்லாவற்றையும் ஊதிப் பார்க்க விடுகிறார்கள். இதைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் எந்த அளவு வாங்குவது என்று கேட்டால், “எல்லாரும் டி தான் வாங்குவாங்க” என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. ஐரிஷ் மெட்டு வாசிப்பவருக்கு அது போதும். திருமுறையும் கீர்த்தனையும் வாசிக்கப்போகிற பிள்ளைக்கு அது பாதி பதில்தான்.

ஆறு துளையையும் மூடி மெல்ல ஊதினால் வரும் மேற்கத்தியச் சுரம்தான் குழலின் பெயர். நம் சுருதிக் கணக்கில் சி 1 கட்டை, டி 2, இ ஃபிளாட் 2½, எஃப் 4, ஜி 5, பி ஃபிளாட் 6½. குழல் நீள நீளச் சுருதி இறங்கும். ஜி ஏறக்குறைய 22 சென்டிமீட்டர், டி 30, பி ஃபிளாட் 37, லோ டி 60. டி-யின் அடிச்சுரம் 587 ஹெர்ட்ஸ், லோ டி-யினுடையது அதில் பாதி. எந்தக் குழலிலும் இரண்டு ஸ்தாயி கிடைக்கும். மேல் ஸ்தாயிக்கு விரல் மாறாது, காற்று மட்டும் கூடும்.

பாடுபவரின் கட்டையைக் கேட்டு அதே கட்டைக் குழலை வாங்குவதில்தான் பலரும் இடறுகிறார்கள். 5 கட்டையில் பாடும் பெண்ணுக்கு ஜி குழல் என்பது தாளில் சரி. ஆனால் அதில் எல்லாத் துளையையும் மூடினால்தான் ஸட்ஜம். அதற்குக் கீழே இறங்க வழியில்லை, மந்திர நிஷாதம்கூடக் கிடைக்காது. புல்லாங்குழலில் மேல் இரண்டு துளையை மூடி ஸட்ஜம் வைப்பதே கீழே இடம் வேண்டும் என்பதற்குத்தான். அதே வழியை இங்கும் பிடிக்கலாம். டி குழலில் மேல் மூன்று துளையை மட்டும் மூடினால் வருவது ஜி. அதை ஸட்ஜமாக வைத்தால் மந்திர பஞ்சமம் வரை இறங்கலாம், 5 கட்டைக்கும் பொருந்தும். இப்படி டி ஒன்றே 2, 5 கட்டைகளுக்கும், சி ஒன்றே 1, 4 கட்டைகளுக்கும், பி ஃபிளாட் ஒன்றே 6½, 2½ கட்டைகளுக்கும் வரும். ஆண்கள் அதிகம் பாடும் 1½ கட்டைக்குத்தான் இந்த ஆறில் எதுவும் இல்லை. டி குழலின் தலையை, அதாவது பிளாஸ்டிக் வாய்ப்பகுதியை, இழுத்துச் சமாளிக்கப் பார்த்தால் 17 மில்லிமீட்டர் இழுக்க வேண்டிவரும். அதற்குள் சுரங்களின் இடைவெளி கெட்டுவிடும்.

அடியில் ஸட்ஜம் வைத்து ஒவ்வொரு விரலாக எடுத்தால் வருவது சங்கராபரணம். மூன்று துளையில் ஸட்ஜம் வைத்தால் கல்யாணி. மோகனம் இரண்டு இடத்திலும் நேர் விரலிலேயே வரும், ஆகவே தொடங்க அது நல்லது. மூன்று துளை ஸட்ஜத்தில் சுத்த மத்யமம் வேண்டுமென்றால் மேலிருந்து முதல் துளையைத் திறந்து, அடுத்த இரண்டை மூடவேண்டும். சரளி வரிசைக்கு வரும் மாயாமாளவகௌளைதான் இந்தக் குழலுக்கு ஆகாத ராகம். அதே மூன்று துளை ஸட்ஜத்தில் ரிஷபத்துக்கு மூன்றாம் துளையையும் தைவதத்துக்கு ஆறாம் துளையையும் பாதி மூடவேண்டும். உயர்ந்த சுருதிக் குழல்களில் துளை சின்னது. விரல் நுனி ஒரு மில்லி நகர்ந்தாலும் சுரம் ஓடிவிடும். சரளி வரிசை படிக்கவே வாங்குகிறீர்கள் என்றால் அதே கடையில் மூங்கில் குழலை வாங்குங்கள்.

பள்ளியில் ரெக்கார்டர் ஊதிப் பழகிய பிள்ளைக்கு டி எளிது. டி, இ, ஜி, ஏ, பி சுரங்களுக்கு விரல் அதேதான், கட்டைவிரல் துளை மட்டும் இல்லை. எஃப் ஷார்ப் தகராறு செய்யும். ரெக்கார்டர் பழக்கத்தில் விரல் போனால் இங்கே சுரம் வேறாகிவிடும்.

ஜி-யை வீட்டுக்கு வாங்காதீர்கள். மேல் ஸ்தாயி 1,568 ஹெர்ட்ஸில் தொடங்கி அதற்கு மேலே போகும். தாமான் வரிசை வீட்டில் ஒரு சுவர்தான் தடுப்பு, பக்கத்து வீட்டார் உங்களோடு பேசாமல் போவார்கள். பெரியவர் விரலுக்கு அதன் துளைகளும் நெருக்கம்.

வெப்பத்தையும் கணக்கில் எடுக்கவேண்டும். காற்று ஒரு டிகிரி சூடேறினால் சுருதி ஏறக்குறைய 3 சென்ட் ஏறும், அரைக் கட்டைக்கு 100 சென்ட். கடையின் ஏர்கோனில் 24 டிகிரியில் சுருதிப்பெட்டியோடு ஒட்டிய குழல், 32 டிகிரி கோயில் மண்டபத்தில் அந்த அரைக் கட்டையில் கால் பங்கு வரை ஏறி நிற்கலாம். மின் சுருதிப்பெட்டி அப்படி நகராது. டி குழலின் தலையை 4 மில்லிமீட்டர் இழுத்தால் அடிச்சுரம் சேரும், ஆனால் மேல் துளைகளின் சுரம் அதைவிட அதிகம் இறங்கும். அடியை மட்டும் பார்க்காமல் நடுவிலுள்ள ஜி-யை வைத்துச் சேர்த்தால் இரண்டு பக்கமும் பொறுக்கும்படி இருக்கும்.

தலை நகரவில்லையென்றால் உள்ளே பசை இருக்கும். கொதிக்காத சுடுநீரில் பிளாஸ்டிக் பகுதியை மட்டும் ஒரு நிமிடம் முக்கி, துணியால் பிடித்துத் திருகுங்கள். பசையைச் சுரண்டிய பின் தளர்ந்தால், ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும் பைப் வெள்ளை டேப்பை ஒரு சுற்றுச் சுற்றலாம். தே தாரிக் குடித்த கையோடு ஊதாதீர்கள். பாலும் சீனியும் காற்றுப் பாதையில் படிந்து, ஒலி முதலில் கரகரக்கும், பிறகு கம்மிப்போகும். எச்சில் நீர் அடைத்தால் வாய்ப்பகுதியில் உள்ள ஜன்னல் துளையை விரலால் மூடி ஒரு முறை பலமாக ஊதினால் போதும்.

கிளார்க் தகரத்தை மடித்துச் செய்தது, 1843-இல் தொடங்கிய வடிவம். ஒலி மென்மை, காற்றோசை கலந்திருக்கும். கடையில் உள்ளது மரக்கட்டை வாய் வைத்த மாதிரி. நம்மூர் ஈரத்தில் மரம் உப்பும், ஊதி முடித்ததும் பையில் திணிக்காமல் காயவிடுங்கள்.

லோ டி-க்கும் நமக்கும் ஒரு உறவு உண்டு. அயர்லாந்தின் ஃபின்பார் ஃப்யூரி வைத்திருந்த இந்திய மூங்கில் குழல் உடைந்துபோக, அதற்கு மாற்றாக 1971-இல் பெர்னார்ட் ஓவர்டன் உலோகத்தில் செய்து கொடுத்ததிலிருந்துதான் இன்றைய லோ விசில் வந்தது. துளை பெரிது, கமகம் இழைக்க இந்த அலமாரியில் இதற்கு இணை இல்லை. விரல் நுனி எட்டாது, நடுக்கணுவால் மூடவேண்டும். சிறு பிள்ளைகளுக்குக் கை போதாது, மூச்சும் போதாது. கடையில் உள்ளதில் ஆறாம் துளை சற்றுத் தள்ளி இருக்கிறது, வாங்குமுன் பத்து நிமிடமாவது பிடித்துப் பாருங்கள்.

1 கட்டையில் பாடும் ஆண் குரலோடு வாசிக்க லோ ஜி தான் பொருத்தம். அதில் மூன்று துளை ஸட்ஜம் 1 கட்டையில் விழும். கடையில் இருப்பு இல்லை, சொல்லிவைத்தால் தருவித்துத் தருகிறார்கள். வெறுமனே “ஜி” என்று எழுதிக் கொடுத்தால் சின்ன ஜி வந்து நிற்கும். நீளம் ஏறக்குறைய 45 சென்டிமீட்டர் என்பதையும் சேர்த்து எழுதிக் கொடுங்கள்.