மாயா பே டூரா? ரசீதில் எழுதி வாங்குங்கள்

தாய்லாந்தின் புக்கெட், கிராபி கடைத்தெருவில் "எல்லாம் சேர்த்து" என்று விற்கிற, மாயா பே குடாவுக்குப் போகும் ஃபிஃபி தீவு டூர்கள் பலவற்றில் எல்லாமும் சேர்ந்திருக்காது. படகு ஏறிய பிறகுதான் தேசியப் பூங்காக் கட்டணத்துக்குக் கை நீட்டுவார்கள். வெளிநாட்டவருக்குத் தலைக்கு 400 பாட், சிறுவருக்கு 200. கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள் என்றால் 1,200. கட்டணம் உண்மையானதுதான், அதை மறைத்து விலையைக் குறைத்துக் காட்டியதுதான் மோசடி. நடுக்கடலில் யாரிடம் பேரம் பேசுவது? பணம் கொடுக்குமுன் "நேஷனல் பார்க் ஃபீ இன்குளூடட்" என்று ரசீதில் எழுதச் சொல்லுங்கள். இழுத்தடித்தால் சேரவில்லை என்றே வைத்துக்கொள்ளலாம்.

ஆகஸ்ட், செப்டம்பரில் ஏமாறுவது இதைவிடப் பெரிது. ஆண்டுதோறும் அந்த இரண்டு மாதமும் மாயா பே மூடியிருக்கும். டிக்கெட்டில் மட்டும் பெயர் இருக்கும். குடாவின் எல்லை மிதவைகளுக்கு வெளியே படகை நிறுத்தி, ஆளுக்கொரு போட்டோ எடுக்க விட்டுத் திருப்பிவிடுவார்கள். கேட்டால், "பார்த்தாயிற்றே!" என்பார்கள். அதனால் "போவோமா" என்று கேட்காதீர்கள், "கரையில் இறங்குவோமா" என்று கேளுங்கள்.

விளம்பரப் படமே காட்டிக்கொடுத்துவிடும். வெள்ளை மணலை ஒட்டி நீள்வால் படகுகள் வரிசையாக நின்றால் அது 2018 ஜூனில் மூடுவதற்கு முந்தைய படம். நங்கூரம் பட்டுப் பவளப்பாறை நொறுங்கியதால், 2022 ஜனவரியில் திறந்தபோது படகுகளைக் குடாவுக்குள் விடவில்லை. தீவின் பின்பக்கம் லோ சாமா என்ற இன்னொரு குடாவில் இறங்கி, பலகைப் பாதையில் நடந்துதான் போக வேண்டும். நீந்தவும் கூடாது, கால் நனைக்கலாம். "மாயா பேயில் நீச்சல்" என்று சொல்லி விற்பவரிடம் வேறு எதையும் வாங்காதீர்கள்.

நீச்சலுக்குப் பக்கத்திலேயே பிலே குடா இருக்கிறது. ஏரி போலத் தெரிந்தாலும் சுண்ணாம்புப் பாறைகளுக்கு நடுவே அடைபட்ட கடல்நீர்தான். வாய்ப்பகுதி ஆழம் குறைவு. நீர் நன்றாக வற்றிய நேரத்தில் படகு உள்ளே போகாது, வெளியே நின்றே திரும்பும். அன்றைய ஓத நேரத்தை முந்தின நாளே பார்த்து வையுங்கள். பட்டியலில் தனி இடமாக வரும் வைக்கிங் குகையைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அங்கே இறங்க அனுமதி இல்லை, கடந்துபோவதோடு சரி.

தனிப்படகு பேசினால் விலை படகுக்கா, தலைக்கா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். ரசீதில் சுற்றுலா உரிம எண் இருக்கட்டும். தகராறு முற்றினால் சுற்றுலாப் போலீஸ் எண் 1155. ஃபிஃபி தீவின் டோன்சாய் படகுத்துறையில் கேட்கிற 20 பாட்டுக்கு மட்டும் சண்டை போடாதீர்கள், அது முறையான கட்டணம்.