தகரக் கூரைக்குத் தட்டை அண்டெனா: எந்தச் செல் அகலப் பட்டை தரும்?

இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கத்தில், எங்கள் லயத்து (தோட்ட வரிசை வீட்டு) கூரையில் காம்பிராவுக்கு, அதாவது அறைக்கு, ஒன்றாக டிஷ் நிற்கிறது. ஆடிக் காற்றில் எப்படியும் இரண்டு மூன்று திரும்பிக்கொள்ளும். "பலகை மாதிரி ஒண்ணைச் செஞ்சு தகரத்தோட ஒட்டிப் போட முடியாதாய்யா?" என்று அத்தை கேட்டார். கேள்வி கிறுக்குத்தனமானதல்ல. கிழக்கு 95 பாகையில் நிற்கும் செயற்கைக்கோள் எங்கள் மலையிலிருந்து சுமார் 70 பாகை உயரத்தில் இருக்கிறது. பலகை ஏறக்குறையப் படுத்தே கிடக்கலாம்.

அந்தப் பலகைதான் ரிஃப்ளெக்ட்அரே. 1963இல் பெரி, மலெக், கென்னடி மூவரும் அலைவழிக் குழாய்களை அடுக்கி முன்வைத்தது; இன்று சர்க்கிட் போர்டில் செப்புத் துண்டுகளாக அச்சாகிறது. டிஷ் தன் வளைவால் அலையைக் குவிப்பதை இங்கே ஒவ்வொரு செல்லும் (ஒரு செப்புத் துண்டும் அதன் கட்டமும்) அவத்தையை, அதாவது திரும்பும் அலை தன் ஏற்ற இறக்கச் சுற்றில் நிற்கும் இடத்தை, மாற்றிச் செய்கிறது. ஒரு முழுச் சுற்று 360 பாகை. வில்லங்கம் பட்டை அகலத்தில், அதாவது ஒரே பலகை சமாளிக்கும் மீடிறன் (அதிர்வெண்) வீச்சில். டிஷ்ஷின் முன்னால் நின்று சிக்னலை வாங்கும் யுனிவர்சல் எல்என்பி 10.7 முதல் 12.75 கிகாஹேர்ட்ஸ் வரை எடுக்கும். நடு மீடிறனில் இது 17 சதவீதத்துக்கு மேல்.

எல்லாரும் தொடங்குவது ஒற்றை அடுக்குப் பேட்ச்சில், அதாவது செல்லுக்கு ஒரு செப்புச் சதுரத்தில். 12 கிகாஹேர்ட்ஸில் அலைநீளம் 25 மி.மீ., செல் அதில் பாதி. பேட்ச்சின் அளவை மாற்றினால் அவத்தை மாறும், ஆனால் பேட்ச் அலையோடு சேர்ந்து அதிகமாக அதிரும் பரிவுக்குக் கிட்டே, அளவுக்கு எதிரே அவத்தையைக் காட்டும் வளைகோடு செங்குத்தாக விழும். நான் குசினியில் ஒரு பேசினில் செப்பை அரிக்கும் ஃபெரிக் குளோரைட் கரைத்து வெட்டிய முதல் பலகையை லென்ஸ் வைத்துப் பார்த்தேன்: மூலைகள் மழுங்கி, ஓரங்கள் எலி கடித்த மாதிரி. அந்தச் செங்குத்துப் பகுதியில் மயிரிழைப் பிசகும் பல பாகையாகிவிடும். மீடிறன் மாறினாலும் இதே கதை. பலகையில் தூறல் படிந்தால் பரிவு கீழே நகரும், திரும்பவும் இதே கதை. ஆக, எங்கள் ஊரில் சரிவைத் தணிப்பது அகலப் பட்டைக்கு மட்டுமல்ல, கைப்பிழைக்கும் ஈரத்துக்கும் சேர்த்து ஒரே வைத்தியம். பலகையைத் தடிப்பாக்கினால் சரிவு தணியும். பதிலுக்கு, செல்களுக்கு வேண்டிய 360 பாகை அவத்தை வீச்சில் பெரிய துண்டு பறிபோகும்.

இரண்டு மூன்று பேட்ச்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைப்பது அடுத்த வழி. ஸ்பெயின் ஆய்வாளர் என்சினார் 2001இல் காட்டியது. வீச்சு 360ஐத் தாராளமாகத் தாண்டும், கோடும் சாதுவாக இருக்கும். காகிதத்தில் இதுதான் வெற்றியாளர். ஆனால் அடுக்குகள் துல்லியமாகப் பொருந்த வேண்டும், பசை ஒரே தடிப்பில் பரவ வேண்டும். மிஷின் இல்லாமல் இதில் இறங்காதீர்கள்.

எனக்குப் பிடித்தது செல்லையே சிறிதாக்குவது. அலைநீளத்தில் மூன்றிலொன்று, அதாவது 8 மி.மீ. அளவு. ஒரே அடுக்கு, சரிவு மெல்லியது, பரிவில் எஃப்ஆர்-4 என்ற மலிவான சாதாரண சர்க்கிட் பலகை விழுங்கும் சக்தியும் குறைவு. குறை, பெரிய பேட்ச்சுக்கும் அடுத்ததுக்கும் இடையில் மிஞ்சும் நூல் இடைவெளி. அதை வீட்டில் வெட்ட முடியாது, அதனால் வீச்சு சுருங்கும். அந்த வீச்சை மீட்கத்தான் ஒன்றுக்குள் ஒன்றாக இரட்டை வளையம்: ஒரே அடுக்கில் இரண்டு பரிவு. பலகைக்கும் பின்தகட்டுக்கும் நடுவே மெல்லிய ரெஜிபோம் தாள் வைத்தால் இன்னும் சாதுவாகும்.

இவ்வளவும் சிறிய பலகைக்கு. 15 செ.மீ. பலகைக்கு ஊட்டியை (குவிந்த அலையை வாங்கும் எல்என்பி வாயை) 15 செ.மீ. உயரத்தில் வைத்தால், நடுவுக்கும் ஓரத்துக்கும் பாதை வித்தியாசம் 1.8 செ.மீ.க்குள். 12 கிகாஹேர்ட்ஸில் சரிசெய்துவிட்டு 10.7க்கு இறங்கினால் ஓரத்தில் 28 பாகைதான் பிசகும்; செல்தான் அங்கே ராஜா. அத்தைக்கு வேண்டியது 60 செ.மீ. ஊட்டி 30 செ.மீ. உயரத்தில் என்றால் வித்தியாசம் 12.4 செ.மீ., ஐந்து அலைநீளம். அதே இறக்கத்தில் 194 பாகைப் பிசகு: ஓரம் நடுவுக்கு எதிராகவே வேலை செய்யும். ஊட்டியை 60 செ.மீ.க்கு உயர்த்தினாலும் 110 பாகை நிற்கும். செல் எவ்வளவு சாதுவானாலும் இதைத் தீர்க்காது.

தீர்ப்பது தாமதக் கம்பி வைத்த பேட்ச்: பாதை குறைந்த செல்லில் அலையை ஒரு செப்புக் கோட்டில் ஓடவிட்டுத் தாமதிக்க வைப்பது. அலை கம்பியின் முனை வரை போய்த் திரும்புவதால் 12.4 செ.மீ.க்கு 6.2 போதும், எஃப்ஆர்-4இல் அலை மெதுவாக ஓடுவதால் நிஜ நீளம் மூன்றரை செ.மீ. போல வரும். அதை நடுச்செல்லின் 12.5 மி.மீ. பெட்டிக்குள் பாம்பாக மடிக்க வேண்டும், அல்லது துவாரம் வழியாகப் பின்பலகைக்குக் கொண்டுபோக வேண்டும். எஃப்ஆர்-4 அந்த நீளத்தில் சிக்னலைத் தின்றுவிடும். நல்ல பலகையின் விலைக்குப் பல டிஷ் வாங்கலாம். 2018இல் இன்சைட் தரையிறங்கியோடு செவ்வாய்க்குப் போன மார்கோ குட்டி விண்கலங்களிலும் ரிஃப்ளெக்ட்அரேதான், ஆனால் அவற்றுக்கு இந்தத் தொல்லை இல்லை. 8.4 கிகாஹேர்ட்ஸில் செக்கனுக்கு 8 கிலோபிட் அனுப்ப அகலப் பட்டை எதற்கு?

டிஷ்ஷின் பரவளைவில் எல்லாப் பாதையும் எல்லா மீடிறனுக்கும் ஒரே நீளம். அதனால் அத்தைக்கு டிஷ்ஷையே இறுக்கிக் கட்டிக் கொடுத்தேன், இரண்டு போல்ட் கூடுதலாக. 15 செ.மீ. வளையப் பலகை எனக்கு. மழை விட்டதும் வெட்டுவேன்.