கேட் விளக்குக்கு எந்த வயரிங்: 230 வோல்ட்டா, 24 வோல்ட்டா, சோலாரா?

வண்டி நுழையும் கேட்டில் விளக்கு போட மூன்று வழி இருக்கிறது. வீட்டிலிருந்து நேராக 230 வோல்ட் கேபிள் இழுப்பது, வீட்டுக்குள்ளேயே வோல்டேஜைக் குறைத்து 12 அல்லது 24 வோல்ட்டாக அனுப்புவது, வயரே வேண்டாம் என்று சோலார் வைப்பது. எரியும்போது மூன்றும் ஒன்றுபோலத்தான் தெரியும். மழையில் நனைந்த கையோடு ஒருவர் இரும்புக் கேட்டைத் தொடும்போதுதான் வித்தியாசமே வருகிறது. அந்தக் கையை மனதில் வைத்துத்தான் இந்த மூன்றையும் எடை போடுகிறேன்.

சோலாரை முதலில் முடித்துவிடலாம். பள்ளம் தோண்ட வேண்டாம், ஷாக் பயம் இல்லை. ஆனால் மர நிழல் விழும் தூணில் பேனல் சரியாகச் சார்ஜ் ஆகாது, பேட்டரியும் சில வருடங்களில் தளர்ந்துவிடும். பாதையின் ஓரத்தைக் காட்டப் போதும். வந்திருப்பவர் முகம் தெரிய வேண்டுமென்றால் போதாது.

230 வோல்ட்டின் பலம் தூரம். 30 மீட்டர் தள்ளி மொத்தம் 40 வாட் விளக்குகள், 2.5 சதுர மி.மீ. செம்புக் கம்பி என்று வைத்துக்கொள்வோம். வழியில் இழப்பது 0.1 வோல்ட்கூட இல்லை. கேட்டுக்கு மோட்டாரும் வருகிறதென்றால் அதே லைனில் ஓடும்.

பயம் வேறு இடத்தில். காப்பு உரிந்த ஒரு வயர் விளக்கின் உலோக உடம்பைத் தொட்டு, எர்த்தும் விட்டுப்போயிருந்தால், தூணோடு சேர்ந்த கேட்டிலும் கரண்ட் பாயலாம். எம்.சி.பி. (அளவுக்கு மீறிக் கரண்ட் ஓடினால் தானே அணையும் சுவிட்ச்) காப்பாற்றும் என்று நம்பாதீர்கள். அது ஆம்பியர் கணக்கில் விழுவது. ஆளைக் கொல்லச் சில பத்து மில்லி ஆம்பியரே போதும். கேட் அருகே தனியாக ஒரு கம்பியை மண்ணில் அடித்து, அதையே எர்த் என்று விட்டுவிடுவதும் தப்பு. அந்த மண்ணின் தடை 50 ஓம் என்றால் 230 வோல்ட்டில் ஓடுவது 4.6 ஆம்பியர். 6 ஆம்பியர் எம்.சி.பி. அசையவே அசையாது, கேட்டில் கரண்ட் அப்படியே நிற்கும். அதனால் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கொஞ்சம் கரண்ட் கசிந்தாலே லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) இல்லாமல் இந்த வழியில் போகவே கூடாது. அதன் டெஸ்ட் பட்டனை அவ்வப்போது அழுத்திப் பார்க்கவும் வேண்டும். அப்புறம் ஆர்மர்டு கேபிள் (உலோகக் கவசம் போர்த்தியது), வண்டி போகும் இடத்தில் 45 முதல் 60 செ.மீ. ஆழம் (உங்கள் ஊர் விதி அதிகம் கேட்டால் அதுதான்), கேபிளுக்கு மேலே எச்சரிக்கை டேப், வீட்டு எர்த்தோடு சேரும் எர்த் வயர். இதில் ஒன்று தவறினாலும் விலை பெரிது.

24 வோல்ட் டி.சி. என் தேர்வு. மெயின்ஸோடு எந்தத் தொடர்பும் இல்லாமல் பிரித்துத் தரும் பாதுகாப்பு வகை டிரைவர் (230 வோல்ட்டை 24 ஆக்கும் பெட்டி) வீட்டுக்குள் இருந்தால், வெளியே வயர் அறுந்து நனைந்து கிடந்தாலும் ஆபத்து மிகக் குறைவு. இதன் பலவீனம் வோல்டேஜ் இறக்கம்தான். மேலே சொன்ன அதே கணக்கில் 12 வோல்ட் என்றால் ஏறத்தாழ 1.5 வோல்ட் வழியிலேயே போய்விடும். கடைசி விளக்கு மங்கும். 24 வோல்ட்டில் இழப்பு 0.75 வோல்ட்தான், அதாவது 3 சதவீதம். 12-ஐ விட்டு 24-க்குப் போகச் சொல்வது இதனால்தான்.

குறைந்த வோல்டேஜ் என்றால் அலட்சியமாக இருக்கலாம் என்றும் இல்லை. அதே 40 வாட்டுக்கு 230 வோல்ட்டில் 0.17 ஆம்பியர் ஓடும் இடத்தில், இங்கே 1.7 ஆம்பியர் ஓடுகிறது. தளர்ந்த ஜாயின்ட் சூடாகும். டிரைவர் வெளியீட்டில் ஃபியூஸ் வையுங்கள், 230 வோல்ட் வயர் போகும் பைப்பில் இதைச் சேர்த்து நுழைக்காதீர்கள்.

எந்த வயரிங் ஆனாலும் பெரும்பாலும் கெடுவது ஜாயின்ட்தான். வெறும் டேப் சுற்றியது மழைக்கு நிற்காது. ஜாயின்ட்டை மண்ணுக்குள் புதைக்காமல் தூணில் உள்ள ஐ.பி. 65 (தூசியும் மழைத் தண்ணீரும் புகாத) பெட்டிக்குள் கொண்டுவாருங்கள். கேபிள் அடிப்பக்கத்திலிருந்து, கிளாண்ட் (கேபிளை இறுக்கிப் பிடித்து ஓட்டையை அடைக்கும் திருகு வளையம்) வழியாக நுழையட்டும்.

ஆக, விளக்கு மட்டும், தூரமும் 40 மீட்டருக்குள் என்றால் 24 வோல்ட். அதற்கு மேல் போனாலோ, 230 வோல்ட் மோட்டார் இருந்தாலோ 230 வோல்ட். அதை அனுபவமுள்ள எலக்ட்ரீஷியனிடம்தான் விட வேண்டும். எதுவானாலும் பள்ளத்தை மூடுவதற்கு முன் கேபிள் போகும் வழியைச் சுவரிலிருந்து அளந்து, போட்டோ எடுத்து வையுங்கள். பின்னால் செடி நட மண்வெட்டி எடுப்பவருக்கு அது தேவைப்படும்.