காவடி பேனருக்கு எது: பெபாஸ் நோயேவா, ஆஸ்வால்டா?

மொரிஷியஸில் தைப்பூசக் காவடி நெருங்கினால் கோயில் இளைஞர்கள் இதே கேள்வியோடு வருகிறார்கள். இரண்டுமே ஒடுங்கிய சான்ஸ் செரிஃப் எழுத்துருக்கள், அதாவது கோட்டு முனைகளில் சிறு கொக்கி இல்லாதவை. நீண்ட பிரெஞ்சு வரியைக் குறுகிய துணியில் பெரிதாக அடக்க இந்த ஒடுக்கம்தான் கைகொடுக்கிறது.

விலை: இரண்டும் இலவசம், திறந்த உரிமம்.

தூரத்துப் பார்வை: பெபாஸ் நோயேதான். எல்லாம் ஒரே உயரம், மதில்போல் நிற்கும். ஆஸ்வால்ட் ஒரு படி கீழே.

பிரெஞ்சுக் குறிகள்: பெபாஸில் வரிகளை நெருக்கினால் எழுத்தின் தலைமேல் உள்ள குறி மேல்வரியில் முட்டும். கொஞ்சம் இடைவெளி விடுங்கள்.

நீண்ட வாசகம்: பெபாஸில் a, b போன்ற சிறிய எழுத்தே கிடையாது, எல்லாம் A, B தான். பூசை நேரம், பால்குடப் புறப்பாடு என்று நாலு வரி போட்டால் கண் சோர்ந்துவிடும். ஆஸ்வால்டில் சிறிய எழுத்தும் உண்டு, மெலிந்தது முதல் தடித்தது வரை பல பருமன்களும் உண்டு.

தமிழ்: இரண்டிலும் இல்லை! இங்கேதான் என் மனம் பதைக்கிறது. பலரும் சாதாரணத் தமிழ் எழுத்தைப் பக்கவாட்டில் அமுக்கிவிடுகிறார்கள். 'ண'வை உற்றுப் பாருங்கள்: நெட்டுக்கோடு மெலிந்து, கிடைக்கோடு மட்டும் தடித்து, சுழிகள் அடைத்துக்கொள்ளும். அமுக்காதீர்கள். 2022இல் வெளிவந்த 'அனெக் தமிழ்' என்ற எழுத்துருவில் ஒடுங்கிய வடிவத்தை வடிவமைப்பாளர்களே வரைந்து வைத்திருக்கிறார்கள், அதுவும் இலவசம்.

தெருப் பேனர் என்றால் பெபாஸ், பக்கத்தில் அனெக். அழைப்பிதழ், நிகழ்ச்சி நிரல் என்றால் ஆஸ்வால்ட். ஒன்றைத்தான் கற்றுக்கொள்ள நேரமிருக்கிறது என்றால் ஆஸ்வால்டையே எடுங்கள்.